ஒன்பதாம் நம்பர் முட்டி

லவ் பேர்ட்ஸ் முட்டை எல்லாவற்றையும்
ஒரே நாளில் இடாது.
ஒருநாள் விட்டு ஒருநாள்.
பொரிப்பதும் அந்தக் கணக்கில்தான்.
மூத்தது கண் திறக்கிற நேரம்
ஐந்தாவது கோதை உடைத்துக்கொண்டு வருகிறது.
வந்து பார்த்தால்
தனக்கு மேலே நாலு பேருடைய வயிறு.

ஒன்பதாம் நம்பர் முட்டிக்குள் கைவிட்டேன்.
தாய்க்காரி கொத்தினாள். கொத்தட்டும்.
அடியில், எச்சத்தோடு ஒட்டி
அவித்த கச்சான் பருப்பு மாதிரி ஒன்று
தலையைத் தூக்க ஏலாமல் கிடந்தது.

மூத்த நாலுக்கும் கழுத்தடியில் இரைப்பை
தோலுக்குள்ளால் தினை தெரிகிற அளவுக்கு.
(நெல் விளைகிற ஊரில் இருந்துகொண்டு
தினையைக் காசுக்கு வாங்குகிறேன்.)
இதற்கு ஒன்றுமில்லை.
சுருங்கின தோல் மட்டும்.

நகைக்கடைத் தராசு ஒன்று வைத்திருக்கிறேன்,
வவுனியாவில் வாங்கின சீனச் சாமான்.
ஒன்று தசம் ஒன்பது கிராம்.
நேற்று இரண்டு தசம் ஒன்று.

அவித்த மஞ்சள் கரு, குரக்கன் மா,
கொதித்தாறிய தண்ணி.
மணிக்கட்டில் ஒரு துளி விட்டுப் பார்க்க வேணும்:
சுட்டால் இரைப்பை வெந்துபோகும்,
ஆறினால் உள்ளுக்குள்ளேயே புளித்துப்போகும்.
இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கா.

வியாழக்கிழமை என்றால் பத்து மணிக்கு
லோன்காரன் வருவான். டினுஷன்.
ஹெல்மெட்டைக் கழற்றவே மாட்டான்.
கழற்றினால் தேத்தண்ணி வரும்,
தேத்தண்ணி குடித்தால்
கடுமையாய்க் கதைக்க ஏலாது.

‘அக்கா, இந்தக் கிழமையோட மூண்டு தவணை.’
‘இந்த டோர்ச்சைப் பிடி தம்பி.’
பிடித்தான்.
சிரிஞ்சு நுனியில் ஒரு மஞ்சள் துளி.
குஞ்சு தலையை ஆட்டி ஆட்டி வாங்கியது.
‘மூச்சுக்குள்ள போனா?’
‘செத்துப்போகும்.’
பிறகு அவன் வாய் திறக்கவில்லை,
இரைப்பை ஒரு மிளகளவு உப்பும் வரைக்கும்.
உப்பின பிறகு
தவணையைக் கேட்டான்.

அன்றிரவு குளக்கட்டுப் பக்கம்
யானை வெடி கொளுத்தினார்கள்.
முதல் வெடிக்கு நான் நிலத்தில் கிடந்தேன்.
இரண்டாவதுக்குத்தான்
யானை ஞாபகம் வந்தது.

பதினொரு சோடியும் இருட்டுக்குள்
வலையில் மோதுகிற சத்தம்.
லைட்டைப் போட்டுவிட்டு
அசையாமல் நின்றேன்.
ஒவ்வொருத்தியாய்த் திரும்பித்
தன் தன் முட்டிக்குள் போனாள்கள்.
ஒன்பதாம் நம்பர்க்காரி
கீழே மணலில் கிடந்தாள், கழுத்து ஒருபக்கமாய்.
தகப்பன் கம்பில் இருந்தான்.
அவன் இரை குடுப்பான்,
அடைகாக்க அவனுக்குத் தெரியாது.

கையைச் சூடாக்கிப் பங்கு பிரித்தேன்.
மூத்தவை இரண்டும் நாலாம் முட்டிக்கு,
அடுத்தவை இரண்டும் ஏழாம் முட்டிக்கு.
அளவு பார்த்துத்தான் வைக்க வேணும்,
ஆட்களை எண்ணுகிற பழக்கம் அவர்களுக்கில்லை.
ஐந்தாவதுக்குச் சோடி எங்கேயும் இல்லை.

விடியப்புறம் இரண்டாம் முட்டிக்குள்
ஒரு முட்டையில் கீறல் விழுந்திருந்தது.
உள்ளே இருந்து சின்னதாய் ஒரு தட்டல்.
அதற்குப் பக்கத்தில் வைத்துவிட்டுக்
கதிரையைப் போட்டு இருந்தேன்.
தாய் ஒரு கண்ணால் பார்த்தாள்.
மற்றக் கண்ணாலும் பார்த்தாள்.
பிறகு செட்டையை அகட்டி
அதற்கு மேலே இருந்தாள்.

மத்தியானம் கைவிட்டபோது
இரைப்பையில் பால் வெள்ளையாய்த் தெரிந்தது.
இரண்டு தசம் மூன்று.
அடையாளத்துக்கு அதன் கால் நகத்தில்
கியூடெக்ஸ் ஒரு பொட்டு.
இந்த வீட்டில் அதுதான் மூத்தது.
இனி வருகிறவர்களின் தலையில்
வயிற்றைப் போட்டுக்கொண்டு படுக்கும்.

இரண்டாம் நம்பர் முட்டியிலும்
முட்டை ஐந்து.

சிரிஞ்சைச் சுடுதண்ணியில் கழுவிக்
கவிழ்த்து வைத்தேன்.